காய்ந்த சாக்கில் கால் நனைக்கலாமா? பட்டுப்புழு மனையில் சடங்காகிவிடும் வேலைகள்

போன பங்குனியில் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒரு புழு வளர்ப்பு மனைக்குப் போயிருந்தேன். வாசலில் பிளாஸ்டிக் தட்டு, அதில் மடித்துப் போட்ட சாக்கு. வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் படியை மிதிப்பதுபோல் இரண்டு காலையும் அதில் வைத்து எடுத்து உள்ளே போனார். நானும் வைத்தேன். சாக்கு மொரமொரவென்று காய்ந்திருந்தது.

“மருந்து எப்போது ஊற்றினீர்கள் அண்ணா?”

“இளம்புழு கொண்டுவந்த அன்றைக்கே ஊற்றிவிட்டேன், சார்.”

அது பத்து நாளைக்கு முன்பு.

காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று பயிற்சியில் சொன்னதை அவர் ஒருநாளும் மீறியதில்லை. காரணத்தை யாரும் சொல்லவில்லை. 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ பிளீச்சிங் பவுடரும் 300 கிராம் நீர்த்த சுண்ணாம்பும் கலக்கிறோமே, அதில் கிருமியைக் கொல்வது குளோரின். வெயில் பட்டால் அது குறைந்துவிடும். காலில் ஒட்டிவரும் மண்ணும் சாணமும் மிச்சத்தைத் தின்றுவிடும். நெடி மூக்கில் ஏறாவிட்டால் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

இதைவிட என்னை வருத்தியது, காற்றின் ஈரத்தை அறியச் சுவரில் தொங்கவிட்டிருந்த ஈர, உலர் குமிழ் வெப்பமானி. பக்கத்தில் ஒரு நோட்டு. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அழகான கையெழுத்தில் 30–30, 31–31, 30–30. இரண்டு குமிழும் ஒரே எண்ணைக் காட்டினால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது என்று பொருள். தர்மபுரிப் பங்குனியில் அது நடக்குமா? ஈரக் குமிழைச் சுற்றி எப்போதும் நனைந்திருக்க வேண்டிய துணி காய்ந்துவிட்டது, அதனால்தான் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. கீழே இருந்த சின்னப் புட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த எண்ணை நம்பி அவர் சன்னலையெல்லாம் திறந்துவைத்திருந்தார். தட்டில் மல்பெரி இலை சுருண்டு கிடந்தது, புழுக்கள் பாதி வயிற்றோடு தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தன. தரையில் தண்ணீர் தெளித்து, சன்னலில் ஈரச் சாக்கு கட்ட வேண்டிய நேரம் அது. எழுதுவதற்கு முன் புட்டியைப் பாருங்கள்.

வெளியாளை மனைக்குள் விடாதீர்கள் என்பதும் நல்ல விதிதான். பால்புழு நோய் கண்ட புழுவிலிருந்து வடியும் பால்போன்ற நீரில் வைரஸ் இருக்கிறது. கால், கை, கூடை வழியாக அது பரவும். ஆனால் நம் ஊர்களில் இந்த விதி ‘கண் பட்டுவிடும்’ என்று மாறிவிட்டது. கண்ணேறுதான் காரணம் என்றால் வீட்டு ஆளுக்குத் தடை எதற்கு? அதனால் பக்கத்து மனையில் செத்த புழுவைப் பொறுக்கிவிட்டு வரும் சொந்த மகன் அப்படியே நுழைகிறான். மாதவிலக்கு என்று சொல்லி, அன்றாடம் இலை போடும் பெண்ணை வெளியே நிறுத்துகிறார்கள். அதற்கும் புழுவின் நலத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

நல்ல மகசூல் வந்த முறை செய்ததையெல்லாம் காரணமாக்குவது அடுத்த தவறு. 1948இல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், புறாக்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் இரை கிடைக்கும்படி வைத்தார். இரை விழுந்தபோது தற்செயலாகச் செய்துகொண்டிருந்த அசைவையே பல புறாக்கள் திரும்பத் திரும்பச் செய்தன. கூடு நல்ல விலைக்குப் போன முறை வெள்ளிக்கிழமையில் முட்டை வாங்கியிருந்தால், பிறகு நாமும் வெள்ளிக்காகக் காத்திருக்கிறோம்.

சடங்காகாமல் நிலைத்த வேலையும் நம் தொழிலிலேயே இருக்கிறது. தாயிடமிருந்து முட்டைக்குப் பரவும் பெப்ரின் நோயைத் தடுக்கத் தாய் அந்துப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்களே, அது 1865 முதல் பிரான்சில் இந்நோயை ஆராய்ந்த லூயி பாஸ்டர் நிலைநாட்டிய முறை. பார்ப்பவருக்குத் தாம் தேடுவது முட்டை வடிவில் மினுங்கும் நுண்வித்துகளை என்று தெரியும். அவை தெரிந்தால் அந்த முட்டைகளை அழித்துவிடுவார்கள்.

பாலக்கோட்டு அண்ணனின் கதவில் ‘காலை நனைக்கவும்’ என்று முன்பே எழுதியிருந்தது. கிளம்பும்போது அதன் கீழே சுண்ணக்கட்டியால் இன்னொரு வரி சேர்த்தோம்: ‘நெடி இல்லையென்றால் மாற்றவும்.’