பனையேறி எப்படிச் செத்தார்? கால் மணி நேர கேம் ஒன்றைச் செய்யும் வழி

துப்பறியும் கேம் செய்யலாம் என்று உட்காருகிறவர்கள் முதலில் தேடுவது கொலைகாரனை. வேண்டாம். கொலைகாரன் வந்தால் அவனுக்கு ஒரு பகை வேண்டும், அன்றைக்கு எங்கே இருந்தான் என்பதற்கு ஒரு பொய் வேண்டும், அந்தப் பொய்க்குச் சாட்சி சொல்ல இன்னொருவன் வேண்டும், அதற்குள் உங்களுக்கே அலுத்துவிடும். ஒரு ஆள், ஒரு சாவு, அது எப்படி நடந்தது என்று மட்டும் கேளுங்கள், கால் மணி நேர கேமுக்கு அது தாராளம்.

நான் போன கோடையில் செய்ததை வைத்தே சொல்கிறேன். உடன்குடிப் பக்கம், பழைய திருநெல்வேலி ஜில்லாவின் தேரிக்காடு. காலை ஒன்பது மணி. பனைமூட்டில் சாய்ந்தபடி ஒரு பனையேறி செத்துக் கிடக்கிறார். மரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்கிறது ஊர். விழவில்லை. ராத்திரி விடிலிக்குள், அதாவது பனங்காட்டுக் குடிசைக்குள், தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்திருக்கிறது, அது தெரியாமலே விடியற்காலையில் எழுந்து வழக்கம்போல மரத்தடிக்கு வந்திருக்கிறார்.

இந்த முடிவைத்தான் முதலில் எழுத வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே பொய்யான சாவுகள் மூன்றை எழுதுங்கள். என்னுடையவை: மரத்திலிருந்து விழுந்தது, கள் குடித்தது, இடி விழுந்தது. அப்புறம் ஒவ்வொரு பொய்யையும் உடைக்க ஒரு பொருள். விழுந்ததை உடைப்பது திளாப்பு, பனை ஏறும்போது காலில் மாட்டுகிற வளையம், அது விடிலிச் சுவரில் ஆணியில் தொங்குகிறது, அது இல்லாமல் அவர் ஏறுவதில்லை. மேலே பார்த்தால் கலயம் நிறைந்து வழிகிறது, அதாவது காலையில் யாரும் ஏறி இறக்கவில்லை. கள்ளை உடைப்பது கலயத்தின் வாயில் ஒட்டியிருக்கிற சுண்ணாம்பு. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர்தான் இறங்கும், தடவாவிட்டால்தான் புளித்துக் கள்ளாகும். இடிக்கு ரொம்ப யோசிக்கவில்லை, பனங்குருத்து பச்சையாக நிற்கிறது, அவ்வளவுதான்.

பொய்யை உடைப்பது சுலபம். உண்மைக்குத் துப்பு வைப்பதில்தான் நான் மூன்று தடவை சொதப்பினேன். முதலில் காலில் இரண்டு பல் தடம் வைத்தேன், விளையாடிய எல்லோரும் நேராக அங்கே போய் 'பாம்பு' என்று சொல்லிவிட்டார்கள், ஒரு நிமிஷத்தில் கேம் காலி. சரி என்று தடத்தை எடுத்துவிட்டுக் காலை வீங்க வைத்தேன். எங்கள் வீட்டில் ஒரு அக்கா நர்ஸ், அதைப் பார்த்துவிட்டு, "ஏலே, கட்டுவிரியன் கடிச்சா எங்கல வீங்கும்? வீங்குனா அது கண்ணாடி விரியன்லா" என்று பிடித்துக்கொண்டாள். அவள் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியே தெரியாது, கடிவாய் கண்ணுக்குத் தட்டுப்படாமலும் போகும், ஆனால் வயிறு வலிக்கும், இமை தானாகக் கீழே இறங்கும், எச்சில்கூட விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். (கேமுக்கு வெளியே ஒரு வார்த்தை: வீங்கவில்லையே என்று யாரும் வீட்டில் இருந்துவிடாதீர்கள், உடனே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரி மாதிரி விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.)

மூன்றாவது தடவை, அவள் சொன்ன அடையாளங்களை அப்படியே செத்தவருடைய மனைவி வாயில் வரிசையாக ஒப்பிக்க வைத்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டு படிக்கிற மாதிரி இருந்தது.

கடைசியாகக் கிடைத்த வழிதான் இந்த கேமிலேயே எனக்குப் பிடித்தது. துப்புகளை ஒப்பாரிக்குள் வைத்தேன். சாவு வீட்டில் பெண்கள் அழும்போது செத்தவருடைய கடைசி நாள் முழுக்க அதில் வந்துவிடும், ஆனால் அதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

"கருப்பட்டிக் காப்பி ஆறிப் போச்சே
ஒரு மடக்கு எறங்கலயே
கட்டிலப் பேரனுக்குக் கொடுத்துப்போட்டு
கட்டாந்தரயில படுத்தீகளே"

இதில் இரண்டு துப்பு இருக்கிறது. முதல் தடவை கேட்கும்போது வெறும் அழுகைதான், விடிலிக்குள் போய் நிறைந்த தம்ளரையும் கட்டில்மேல் கிடக்கிற சின்ன டவுசரையும் பார்த்த பிறகு திரும்பக் கேட்டால் வேறு மாதிரி கேட்கும். இமை இறங்கியதை மட்டும் பக்கத்து விடிலிக்காரர் சொல்கிறார்: "வெள்ளனே பாத்தேன், ஒறக்கம் தெளியாமலே போனாரு."

அடுத்து, முடிவுக்குப் போடுகிற பூட்டு. ஆள் யூகித்து யூகித்துத் திறந்துவிடக் கூடாது. 2018-இல் வந்த ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் கேமில் கப்பலில் இருந்த 60 பேரின் கதியைக் கண்டுபிடிக்க வேண்டும், மூன்று பேருடையதைச் சரியாகக் குறித்தால்தான் சரி என்றே சொல்லும். அதைச் சின்னதாக்கிக்கொண்டேன். எதனால், எங்கே வைத்து, எப்போது என்று மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில், மொத்தம் 125 கூட்டு. மூன்றும் சரியானால்தான் திறக்கும், எது தப்பு என்று சொல்லாது. 'எங்கே' என்பதில்தான் நிறைய பேர் மாட்டுவார்கள், பிணம் கிடக்கிற இடத்தையே குறித்துவிட்டு முழிப்பார்கள்.

கட்டுவதற்கு ட்வைன் போதும், எழுத்தாலேயே கதை கேம் செய்கிற சாஃப்ட்வேர் அது, 2009-இலிருந்து இருக்கிறது, இலவசம், தமிழ் ஒழுங்காக வரும். ஒரு பாஸேஜில், அதாவது கேமின் ஒரு பக்கத்தில், [[விடிலிக்குள் போ]] என்று இரட்டைச் சதுர அடைப்பில் எழுதினால் அதே பெயரில் அடுத்த பாஸேஜ் தானாக வந்துவிடும். எனக்கு மொத்தம் ஒன்பது பாஸேஜ்தான். எந்தப் பொருளைப் பார்த்தாயிற்று என்று நினைவில் வைக்க பொருளுக்கொரு வேரியபிள். பிரவுசரிலேயே எழுதுகிறவர்கள் அன்றன்றைக்கு ஆர்க்கைவ், அதாவது ஒரு நகல், எடுத்து வையுங்கள், பிரவுசர் டேட்டாவை அழித்தால் கதையும் சேர்ந்து போகும். முடிந்ததும் ஒரே ஹெச்டிஎம்எல் ஃபைல், வாட்ஸப்பில் டாக்குமென்டாக அனுப்பலாம், பிரவுசரில் திறந்தால் ஓடும்.

அனுப்புவதற்கு முன் இரண்டு வகை ஆளிடம் கொடுத்துப் பாருங்கள். உடன்குடி அண்ணாச்சி ஒருவர் ஆணியில் தொங்குகிற திளாப்பைப் பார்த்ததுமே "இவன் மரமே ஏறலியே வே" என்றார். சென்னையில் வளர்ந்த மச்சானுக்கு அது ஏதோ கயிறு. அவனுக்காக விளக்கம் எழுதிப் போட்டால் அண்ணாச்சிக்குச் சப்பென்று ஆகிவிடும். அதனால் தொடக்கத்திலேயே, தூரத்துப் பனையில் வேறொருவர் திளாப்பைக் காலில் மாட்டி ஏறுகிற மாதிரி ஒரு வரி சேர்த்தேன். மச்சானுக்கு அது பாடம், அண்ணாச்சிக்கு வெறும் காட்சி.

மூன்று பதிலும் சரியானால் என்ன காட்டுவது? முதலில் பாம்பு ஊர்கிற காட்சியை எழுதி வைத்திருந்தேன், அழித்துவிட்டேன். இப்போது பேரன் கட்டிலிலிருந்து எழுந்து வந்து, தாத்தா பதநீர் இறக்கியாச்சா என்று கேட்கிறான். அதற்குக் கீழே பட்டன் எதுவும் இல்லை.