டவுன்டவுனை எழுப்பப் போய்ப் படுக்கவைத்த கதைகள்

அமெரிக்காவில் ஒரு லட்சம், இரண்டு லட்சம் பேர் வாழும் நடுத்தர ஊர் எதை எடுத்தாலும் டவுன்டவுனின், அதாவது ஊர் நடுவிலிருக்கும் பழைய கடைவீதி வட்டாரத்தின், கதை ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வசதி உள்ளவர்கள் புறநகருக்குக் குடிபோனார்கள். துணிக்கடையும் சினிமா தியேட்டரும் பின்னாலேயே போயின. மிச்சமிருந்த வங்கியும் கோர்ட்டும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினால், அதற்குப் பிறகு வீதியில் ஆள் நடமாட்டம் கிடையாது. இப்படியே சில வருஷம் போன பின்பு நகராட்சி விழித்துக்கொண்டு, டவுன்டவுனுக்குப் புத்துயிர் கொடுக்கக் கிளம்பும்.

எழுபது வருஷமாக இந்த முயற்சி நடக்கிறது. எது எடுபடும் என்பதில் இன்னும் சண்டை உண்டு. எது எடுபடாது என்பது மட்டும் ஓரளவு தெரிந்துவிட்டது. தோற்ற திட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஒரே தவறு இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. டவுன்டவுன் தன்னைப் புறநகராக மாற்றிக்கொள்ளப் பார்த்தது. மழை படாத மால், கார் நிறுத்தப் பெரிய மைதானம், ஊருக்குள் பாயும் அதிவேகச் சாலை என்று புறநகரில் இருப்பதையெல்லாம் நெருக்கமான பழைய தெருக்களுக்குள் திணித்தால் கூட்டம் திரும்பிவிடும் என்று நம்பினார்கள். காலி இடம் கொட்டிக்கிடக்கும் புறநகரை இட வசதியில் ஜெயிக்க யாரால் முடியும்?

வியன்னாக்காரர் இருவர்

விக்டர் க்ரூயன் வியன்னாவில் பிறந்த யூதர், கட்டடக் கலைஞர். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் தப்பி அமெரிக்கா வந்தார். 1956-ல் மினசோட்டா மாநிலத்து ஈடைனாவில் அவர் கட்டிய சவுத்டேல்தான், முழுக்கக் கூரைபோட்டுக் குளிர்சாதனம் செய்யப்பட்ட முதல் அமெரிக்க மால். அதுபோன்ற மால்கள் டவுன்டவுன் வியாபாரத்தைக் குடிக்கத் தொடங்கியபோது, அடிபட்ட ஊர்கள் வைத்தியத்துக்கும் அவரையே கூப்பிட்டன. 1959-ல் மிச்சிகனின் கலமசூ நகரம் அவர் யோசனைப்படி முக்கியக் கடைவீதியில் கார் போவதைத் தடுத்துவிட்டு நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. 1962-ல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் டவுன்டவுனுக்குள்ளேயே ஒரு மூடிய மால், மிட்டவுன் பிளாசா. 1964-ல் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் ஃபுல்டன் மால், இதுவும் காரில்லாத வீதி. அடுத்த இருபது வருஷத்தில் சுமார் 200 அமெரிக்க ஊர்கள் தங்கள் கடைவீதியை இப்படி மாற்றிக்கொண்டன.

பெரும்பாலானவை திரும்பக் கார்களுக்கே திறந்துவிடப்பட்டன. கலமசூ 1998-ல் ஒரு பகுதியைத் திறந்தது, ஃப்ரெஸ்னோ 2017-ல் திறந்தது. மிட்டவுன் பிளாசா 2008-ல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. பாவம் க்ரூயன், கலமசூவுக்கு அவர் போட்ட திட்டத்தில் சுற்றுச்சாலை, அதையொட்டிக் கார் நிறுத்தம் என்று நிறைய இருந்தது. செலவு குறைவான பகுதியை மட்டும் ஊர் எடுத்துக்கொண்டது.

இதிலிருந்து “கார் இல்லாவிட்டால் கடைவீதி செத்துவிடும்” என்று பாடம் எடுத்துக்கொண்டால் அது அடுத்த தவறு. கொலராடோவின் போல்டரில் 1977 முதல் பேர்ல் தெருவிலும், வெர்மான்ட்டின் பர்லிங்டனில் 1981 முதல் சர்ச் தெருவிலும் கார் கிடையாது. இரண்டு இடத்திலும் இன்றைக்கும் நல்ல கூட்டம். இரண்டு ஊரிலும் நடந்து போகிற தூரத்தில் பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது, தெருவைச் சுற்றிக் குடியிருப்பு இருக்கிறது. ஏற்கெனவே நடக்கிற கூட்டத்துக்கு இடம் விட்டால் அது பெருகும். நடப்பதற்கே ஆளில்லாத தெருவில் காரையும் தடுத்தால், கடைசியாக இருந்த கொஞ்சம் சத்தமும் அடங்கிவிடும்.

இரண்டாவது வியன்னாக்காரர் மாக்ஸ் ஹெல்லர். அவரும் அதே 1938-ல் தப்பியவர், அப்போது வயது 19. தென் கரோலினாவின் க்ரீன்வில் என்ற ஆலை நகரத்தில் சட்டைத் தொழிற்சாலை ஒன்றில் தரை கூட்டும் வேலையில் சேர்ந்து, பிறகு சொந்தத் தொழிற்சாலை வைத்து, 1971 முதல் 1979 வரை அந்த ஊரின் மேயராக இருந்தார். அவர் காலத்தில் மெயின் ஸ்ட்ரீட்டின் நான்கு வண்டித் தடங்களை இரண்டாகக் குறைத்தார்கள். மிச்ச இடத்தில் அகலமான நடைபாதை, மரக்கன்றுகள், சாய்வாகக் கார் நிறுத்த இடம். திட்டம் போட்டது நிலத்தோற்றக் கலைஞர் லாரன்ஸ் ஹால்ப்ரினின் நிறுவனம். கார் போகலாம், மெதுவாகப் போகலாம். அவ்வளவுதான். அன்று நட்ட கன்றுகள் இன்று வீதிக்கே பந்தல் போட்டிருக்கின்றன. கீழே நடைபாதையில் ஹோட்டல்காரர்கள் மேசை போட்டிருக்கிறார்கள்.

சிறுவயதில் பார்த்த ஐரோப்பிய வீதிகளைத்தான் இருவரும் அமெரிக்காவில் கொண்டுவரப் பார்த்தார்கள். ஒருவர் புதிதாகக் கட்டினார், மற்றவர் இருந்த தெருவைத் திருத்தினார். ரிப்பன் வெட்ட ஏற்றது முதல் வழிதான் என்பதால், அரசியல்வாதிகளுக்கு இன்னமும் அதன்மேல்தான் ஆசை.

ஒரே அடியில் ஊரைத் தூக்கும் ஆசை

இதற்கு மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர் அது. ஆலைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், கார் வரலாற்றைக் காட்டும் பிரம்மாண்டமான உள்ளரங்கப் பூங்கா ஒன்றைக் கட்டினால் சுற்றுலாப் பயணிகள் குவிவார்கள் என்று முடிவு செய்தார்கள். ஆட்டோவேர்ல்டு 1984 ஜூலையில் திறந்தது. ஆறே மாதத்தில் கதவு மூடியது. இடையில் திறந்து பார்த்தும் பயனில்லை, 1997-ல் இடித்துவிட்டார்கள். கார் ஆலையில் வேலை போனவனிடம் கார் ஆலையைப் பார்க்க டிக்கெட் விற்பது யாருக்குத் தோன்றிய யோசனையோ!

ஓஹையோவின் டொலீடோ வேறு மாதிரி மாட்டிக்கொண்டது. பாஸ்டனின் ஃபானுவல் ஹால், பால்டிமோரின் ஹார்பர்பிளேஸ் என்ற அங்காடிகள் நன்றாக ஓடியதைப் பார்த்துவிட்டு, அவற்றை உருவாக்கிய ஜேம்ஸ் ரௌஸின் ஆட்களை அழைத்து ஆற்றங்கரையில் போர்ட்சைடு என்ற அங்காடி கட்டியது. 1984-ல் திறந்து 1990-ல் மூடினார்கள். பாஸ்டனில் அந்த அங்காடிக்குப் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள், மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி வருகிறார்கள். டொலீடோவில் அது இல்லை. கட்டடத்தை நகலெடுக்கலாம், பக்கத்துத் தெருவை எப்படி நகலெடுப்பது?

பெரிய திட்டமே கூடாது என்று சொல்ல வரவில்லை. க்ரீன்வில்லிலும் நகராட்சியும் தனியாரும் சேர்ந்து ஒரு ஹயாட் ஹோட்டல் கொண்டுவந்தார்கள், 1982-ல். ஆனால் அது மெயின் ஸ்ட்ரீட்டின் ஒரு முனையில் நின்று தெருவைப் பார்த்திருந்தது. தங்கியவர்கள் இறங்கினால் நேரே கடைவீதி. ஒரு பெரிய திட்டத்தின் வரைபடம் கைக்கு வந்தால் முதலில் தேட வேண்டியது வாசலை: உள்ளே வந்தவன் காரை விட்டிறங்கி, காரிலேயே ஏறிப் போய்விடுவானா, அல்லது தெருவில் நூறு அடியாவது நடப்பானா?

பார்க்கிங் கணக்கு

கடைக்காரர்கள் கூட்டம் போட்டால் முதல் புகார் எப்போதும் இதுதான்: “பார்க்கிங் இல்லை சார்.” நகராட்சியும் பழைய கட்டடங்களை இடித்து இடம் செய்து கொடுக்கும். கொஞ்சம் கணக்குப் போட்டால் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். ஒரு கார் நிற்கவும் திரும்பவும் ஏறக்குறைய 300 சதுர அடி வேண்டும். ஆயிரம் சதுர அடி அலுவலகத்துக்கு நான்கு கார் இடம் என்று விதி இருந்தால், அலுவலகத்தைவிடப் பெரிதாக 1,200 சதுர அடி தார்த்தரை. அதே ஆயிரம் சதுர அடி உணவகமானால் பத்து கார் என்று விதித்த ஊர்களும் உண்டு. அங்கே கடையைப்போல மூன்று மடங்கு தரை. இந்த விதிக்குப் பயந்தே பழைய மூன்று மாடிக் கட்டடங்களை யாரும் தொடுவதில்லை, ஏனென்றால் அவற்றைச் சுற்றி ஒரு காருக்குக்கூட இடமில்லை. நாற்பது வருஷம் இப்படியே போனால் வீதி பல் விழுந்த வாய்போல ஆகிவிடும். அப்போது பார்க்கிங் தாராளமாகக் கிடைக்கும், வருவதற்குத்தான் காரணம் இருக்காது.

நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரம் 2017-ல் இந்தக் கட்டாய பார்க்கிங் விதியையே தூக்கியெறிந்தது. கலிஃபோர்னியாவின் பசடீனா அதற்கு முன்பே வேறொரு வழி பிடித்தது. அதன் பழைய டவுன்டவுன் சீரழிந்து கிடந்தது. 1993-ல் வீதியில் மீட்டர் வைக்கப்போகிறோம் என்றதும் கடைக்காரர்கள் குமுறினார்கள். மீட்டர் காசு முழுவதும் அதே வீதிக்கே செலவாகும், நடைபாதை, விளக்கு, துப்புரவு எல்லாம் அதிலிருந்துதான் என்று நகராட்சி வாக்குக் கொடுத்ததும் சம்மதித்தார்கள். அதுவரை வீதியோர இடங்களைக் காலை முதல் அடைத்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் கடை முதலாளிகளும் ஊழியர்களும்தான். மீட்டர் வந்ததும் அவர்கள் காரை உள்ளே தள்ளி நிறுத்தப் பழகினார்கள், வாசல் வாடிக்கையாளருக்குக் கிடைத்தது. பார்க்கிங் ஆய்வாளர் டொனால்ட் ஷூப் இந்த ஊரைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியதில் ஆச்சரியமில்லை.

இருப்பதாலேயே தேவை என்று நினைப்பது

க்ரீன்வில்லின் நடுவே ரீடி ஆற்றில் ஓர் அருவி உண்டு. 1960-ல் அதற்கு நேர் மேலே நான்கு தடப் பாலம் கட்டிவிட்டார்கள். ஆலைச் சாயம் ஓடிய ஆறு, பார்க்க என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றியிருக்கும். பாலத்தை இடிக்கும் பேச்சு வந்தபோது போக்குவரத்து நின்றுவிடும் என்று பலத்த எதிர்ப்பு. 2002-ல் இடித்தார்கள், 2004-ல் அருவியைச் சுற்றிப் பூங்காவும், நடப்பவர்களுக்கான தொங்கு பாலமும் வந்தன. கார்கள் வேறு தெருவில் போயின.

ராச்செஸ்டர் தன் டவுன்டவுனைச் சுற்றிப் பள்ளத்தில் ஓடும் வளையச் சாலை ஒன்றை வைத்திருந்தது, 1965-ல் முடிந்தது. 1950-ல் மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2020-ல் இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் ஆகிவிட்டது. சாலை மட்டும் பழைய அளவிலேயே காலியாகக் கிடந்தது. 2014 முதல் 2017 வரை அதன் கிழக்குப் பகுதியை மண் போட்டு மூடிச் சாதாரணத் தெருவாக்கினார்கள். கிடைத்த ஆறு ஏக்கர் அளவு நிலத்தில் இப்போது வீடுகள் நிற்கின்றன.

ஏக்கர் கணக்கு பார்க்காதது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். புறநகரில் பெரிய கடை வந்தால் வரி கொட்டும், டவுன்டவுனில் பழைய கட்டடம் வெறும் சுமை என்று நகராட்சிகள் நம்புகின்றன. வட கரோலினாவின் ஆஷ்வில்லில் நகரத் திட்டமிடுபவர் ஜோ மினிகோஸி இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஊருக்கு வெளியே 34 ஏக்கரில் ஒரு வால்மார்ட். டவுன்டவுனில் கால் ஏக்கர்கூட இல்லாத மனையில் பழைய ஜே.சி. பென்னி கடைக் கட்டடம், கீழே கடை, நடுவில் அலுவலகம், மேலே வீடுகள் என்று புதுப்பித்தது. மொத்த வரியில் வால்மார்ட்தான் அதிகம். ஏக்கருக்கு எவ்வளவு சொத்து வரி என்று பார்த்தால் வால்மார்ட் சுமார் 6,500 டாலர், பழைய கட்டடம் சுமார் 6,34,000 டாலர். நகராட்சியின் கையில் அளவோடு இருப்பது நிலம்தான், எனவே கேட்க வேண்டிய கேள்வி இரண்டாவதுதான். அந்த 34 ஏக்கருக்குச் சாலை, குழாய், சாக்கடை போட்டுப் பராமரிப்பதும் ஊர்க்காசு.

அந்தக் கட்டடம் பிழைத்ததே அதிர்ஷ்டம். 1929-க்குப் பின் வந்த பெருமந்தத்தில் ஏறிய கடனை ஆஷ்வில் 1976 வரை அடைத்துக்கொண்டிருந்தது. மற்ற ஊர்கள் மத்திய அரசுப் பணத்தோடு தங்கள் பழைய டவுன்டவுனை இடித்துத் தள்ளியபோது ஆஷ்வில்லிடம் இடிக்கக்கூடக் காசில்லை. கடன் தீர்ந்த கையோடு, 1980-ல், பதினொரு பிளாக்குகளை இடித்து மால் கட்டலாம் என்று ஒரு திட்டம் வந்தது. எதிர்த்தவர்கள் இடிபடப்போகும் இடம் எவ்வளவு என்று ஊருக்குக் காட்ட, துணிகளை முடிச்சுப் போட்டு அந்த வட்டாரத்தையே சுற்றிக் கட்டினார்கள். 1981-ல் மக்கள் வாக்கெடுப்பில் திட்டம் தோற்றது. 1990-களில் ஜூலியன் பிரைஸ் என்பவர் தன் பரம்பரைச் சொத்தைப் போட்டு, மாடியில் வீடுகளையும் கீழே சிறு உணவகங்களையும் கடைகளையும் ஒவ்வொன்றாக எழுப்பினார். ஒன்றிரண்டு போனாலும் தெரு விழாது. ஆட்டோவேர்ல்டு போனபோது ஃப்ளின்ட்டுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

ஜெயித்த பிறகு வரும் தவறு

டவுன்டவுன் எழுந்துவிட்டால் வாடகை எழும். ஆஷ்வில்லில் ஹோட்டல்கள் பெருகி, 2019-ல் நகரமன்றம் புதிய ஹோட்டல்களுக்கு அனுமதியையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. க்ரீன்வில்லின் மெயின் ஸ்ட்ரீட் மெருகேற மெருகேற, பக்கத்திலிருந்த பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் வீட்டு விலை ஏறிப் பல குடும்பங்கள் வெளியேறின. நிறவெறிக் காலத்தில் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட சிறு பூங்கா இருந்த அந்த வட்டாரத்தில், 2022-ல் யூனிட்டி பார்க் திறந்தார்கள். அருகே கொஞ்சம் நிலத்தைக் குறைந்த வாடகை வீடுகளுக்கு ஒதுக்கினார்கள். நல்ல காரியம், ஆனால் மெயின் ஸ்ட்ரீட்டில் மரம் நட்டு நாற்பது வருஷத்துக்குப் பிறகு.

நிலம் மலிவாக இருப்பது டவுன்டவுன் படுத்துக்கிடக்கும்போதுதான். அப்போது நகராட்சியிடம் பணம் இருக்காது என்பது உண்மைதான். ஆனாலும் ஆலோசகருக்கும் விளம்பரப் பலகைக்கும் போகிற பணத்தில் ஒரு பங்கை எடுத்து, அன்றைக்கே சுற்றுவட்டாரத்தில் சில மனைகளை வாங்கிப் போட்டுவிடலாம். பூங்கா திறந்த பிறகு அந்த விலைக்குக் கிடைக்காது.