நாய்க்கு அடிக்கடி வயிறு கெடுகிறதா? முதலில் தட்டைப் பாருங்கள்

எங்கள் கருப்பி 16 கிலோ நாட்டு நாய். அவளுக்கு இரண்டு வயதானபோது, ஆறு மாதம் போல, பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வயிற்றால் போய்க்கொண்டே இருந்தது. மாத்திரை கொடுத்தால் நின்றுவிடும், நின்றதும் நாங்களும் மறந்துவிடுவோம், அப்புறம் மறுபடி ஆரம்பிக்கும். கடைசியில் ஒரு பழைய டைரியை எடுத்து அவள் வாய்க்குள் போன அத்தனையையும் எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது வாரமே பிடிபட்டுவிட்டது. எதிர் வீட்டுப் பாட்டி பாசத்தோடு ஊற்றும் பால், ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் நாங்களே போடும் கோழித் தோலும் கொழுப்பும், இந்த இரண்டும்தான்.

அதனால் நீங்களும் எழுதுங்கள். என்ன சாப்பிட்டது, யார் கொடுத்தது, தெருவில் எதை நக்கியது, எத்தனை முறை போனது, எப்படிப் போனது என்று எல்லாமே. நிறைய நிறையத் தண்ணீராக ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை போய், உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தால் பெரும்பாலும் கோளாறு சிறுகுடலில். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை முக்கி முக்கிப் போய், சளியும் சிவப்பாக ரத்தத் திட்டும் இருந்தால் பெருங்குடலில். டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே இதுதான், பதில் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

வீட்டு வைத்தியத்துக்கு முன்னால் ஒன்று. தடுப்பூசி முடியாத குட்டி நாற்றமடிக்கும் பேதியோ வாந்தியோ எடுத்தால் அது பார்வோ என்ற ஆபத்தான வைரஸ் நோயாக இருக்கலாம், ஒரு இரவுகூடக் காத்திருக்காதீர்கள். வளர்ந்த நாயாக இருந்தாலும் வாந்தி நிற்காமல் எடுத்தால், தண்ணீர்கூடத் தங்காவிட்டால், மலம் தார் மாதிரி கறுப்பாகவோ ரத்தமாகவோ போனால், முன்னங்காலைத் தரையில் பதித்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வலியில் நின்றால் (கொழுப்பு தின்ற மறுநாள் வரும் கணைய அழற்சியில் இப்படி நிற்கும்), உடனே ஆஸ்பத்திரிதான். ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஈறை விரலால் அழுத்தி விடுங்கள், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பாக இருக்கும், ரோஸ் நிறமாக உள்ள இடம் தேடிப் பாருங்கள்.

சரி, நாய் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது, பேதி மட்டும்தான் என்றால், வளர்ந்த நாய்க்கு ஒரு 12 மணி நேரம் சாப்பாட்டை நிறுத்தலாம். குட்டியைப் பட்டினி போடவே கூடாது, சர்க்கரை அளவு சட்டென்று இறங்கிவிடும். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். ஒரு லிட்டரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். இன்னொரு கிண்ணத்தில் வைத்தால் விருப்பம்போல் குடிக்கும், வாயில் வலிய ஊற்ற வேண்டாம். அப்புறம் குழைய வடித்த பச்சரிசிச் சோறு இரண்டு பங்கு, தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி ஒரு பங்கு, பிசைந்து நாளுக்கு நான்கு ஐந்து முறை சிறிது சிறிதாக. உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை, குழம்பில் வெந்தாலும் விஷம் விஷம்தான். மலம் இறுகியபின் பழைய உணவை ஒரு வாரத்தில் கால், அரை, முக்கால் என்று கலந்து கொண்டுவாருங்கள். கோழிச் சோற்றையே மாதக்கணக்கில் போடாதீர்கள், அதில் கால்சியம் போதாது.

பால் விஷயத்தில் நான் பிடிவாதம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி மிகக் குறைவு. உறைந்த தயிரில் அது குறைந்திருப்பதால் ஒரு ஸ்பூன் தயிர்ச்சோறு பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும், அதுவும் எல்லாவற்றுக்கும் இல்லை. பாட்டியிடம் சண்டை போடவில்லை. ஒரு டப்பாவில் வேகவைத்த மஞ்சள் பூசணித் துண்டுகளைக் கொடுத்து, "இனிமேல் இதைக் கொடுங்க பாட்டி, அவளுக்கு வயிறு நல்லா இருக்கும்" என்றேன். பூசணியின் நார் தண்ணீரை இழுத்து மலத்தை இறுக்கும், மலச்சிக்கலிலும் உதவும். கருப்பி அளவு நாய்க்கு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். பெருங்குடல் பேதிக்கு இசப்கோலும் நல்லது. கருப்பிக்கு டாக்டர் சொன்னது ஒரு டீஸ்பூன், நன்றாகத் தண்ணீரில் ஊறவைத்து. குழந்தைக்கு உரசிக் கொடுக்கும் வசம்பு, ஓமக் கஷாயம் எல்லாம் நாய்க்கு வேண்டாம்.

நம் மருந்துப் பெட்டியையும் திறக்காதீர்கள். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பேதியை நிறுத்தும் லோபராமைடு, கோலி (Collie) இன நாய்கள் சிலவற்றுக்கு மூளையைப் பாதிக்கும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மீதம் இருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அது குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கிறது, சாதாரண பேதி அது இல்லாமலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ வந்து வந்து போனாலோ, புதிய மலத்தைச் சுத்தமான டப்பியில் எடுத்து அன்றைக்கே பரிசோதனைக்குக் கொடுங்கள். புழுவும், ஜியார்டியா என்ற கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணியும் ஒரே பரிசோதனையில் அகப்படாமல் போவதுண்டு, இரண்டு மூன்று நாள் மாதிரி கேட்டால் சலிக்காமல் கொண்டுபோங்கள். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுத்தீர்களா என்றும் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால் டாக்டரோடு பேசி உணவுச் சோதனை. இதுவரை தின்றிராத ஒரே ஒரு புரதம், ஆட்டுக்கறியோ மீனோ, கூடவே ஒரே ஒரு மாவுச்சத்து, இரண்டு வாரம். ஒரு பிஸ்கட்கூடக் கிடையாது. உணவுதான் காரணம் என்றால் பெரும்பாலும் அதற்குள் வித்தியாசம் தெரியும், அப்புறம் பழையதில் ஒவ்வொன்றாகச் சேர்த்து மூன்று நான்கு நாள் பார்த்துக் குறித்துவையுங்கள். மாறவே இல்லையென்றால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். ஜெர்மன் ஷெப்பர்டு நிறையத் தின்றும் இளைத்தால் கணைய நொதிப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். போகும்போது அந்த டைரியையும் எடுத்துப் போங்கள்.