டிக்கியின் பக்கக் குழிக்குள் ஒரு பைபர்கிளாஸ் சப் பெட்டி

அக்ஸியோ, அலியன் போன்ற செடான் கார்களின் டிக்கியில், பின்சில்லுக்கூட்டுக்குப் பின்னால் ஒரு குழி சும்மா கிடக்கிறது. அதன் வடிவத்தை அப்படியே பைபர்கிளாஸில் எடுத்து, முகத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளினால் தாழ்ந்த ஒலிக்கான பத்து அங்குல ஸ்பீக்கர் (சப்வூஃபர், சுருக்கமாகச் சப்) ஒன்றுக்கு இடம் கிடைத்துவிடும். சூட்கேஸ் வைக்கும் இடமும் போகாது.

வேலை தொடங்கமுன் பக்க ட்ரிம்மைக் கழற்றிக் குழிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜக் அங்கே இருக்கலாம். டெயில் லைட் பல்ப் மாற்றும் வழியும், பெற்றோல் மூடியைத் திறக்கும் கேபிளும் அந்தப் பக்கத்தால் போகலாம். மூன்றாம் தலைமுறை பிரியஸில் 12 வோல்ட் பற்றரி வலப்பக்கக் குழிக்குள்தான் இருக்கிறது. பின்சீற்றின் பக்கத்தில் உள்ள காற்றுத் துவாரம் ஹைபிரிட் பற்றரியைக் குளிர்விப்பது, அதை எக்காரணம் கொண்டும் மறைக்கக்கூடாது.

அடுத்தது கொள்ளளவு. சப் கம்பனி தரும் தாளில் மூடிய பெட்டிக்கு எத்தனை கன அடி என்று இருக்கும். 1 கன அடி 28.3 லீட்டர். பத்து அங்குலத்துக்குப் பல கம்பனிகள் 0.6 முதல் 0.8 கன அடி கேட்கும், அதாவது 17 முதல் 23 லீட்டர். ஸ்பீக்கரே உள்ளே பிடிக்கும் இடத்துக்கு 1 முதல் 2 லீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த அளவுப் பெட்டி ஒன்றுக்கு வேண்டிய சாமான்கள்: பொலியெஸ்டர் ரெசின் 8 கிலோ, அதை இறுகவைக்கும் எம்.ஈ.கே.பி. ஹார்ட்னர் 150 மி.லீ., பைபர்கிளாஸ் நார் மேட் (சதுர மீற்றருக்கு 450 கிராம் ரகம்) 6 சதுர மீற்றர், அசிட்டோன் 2 லீட்டர், 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை ஒரு துண்டு, 2 அங்குல மாஸ்கிங் டேப் நாலைந்து சுருள், மலிவான பிரஷ் பத்து. பலகை, டேப், பிரஷ் எல்லாம் கொழும்பு பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் எடுக்கலாம். டெர்மினல், வயர், ஃபியூஸுக்கு முதலாம் குறுக்குத் தெரு. கழற்றிய ட்ரிம்மில் கிளிப் உடைந்தால் பஞ்சிகாவத்தை கார் உதிரிப்பாகக் கடைகள். பிரஷில் காசைக் கொட்டவேண்டாம், எல்லாம் குப்பைக்குத்தான் போகும்.

ரெசின் வாங்கும்போது, இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் கலந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். கலந்தது இளஞ்சிவப்பாக இருக்கும். கலக்காத ரெசினுக்குக் கோபால்ட்டைத் தனிப் போத்தலில் தருவார்கள், ஊதா நிறத் திரவம். அதையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, அதன் பிறகுதான் ஹார்ட்னர். கலந்த ரெசினையே வாங்குவது புத்தி. ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்கவேண்டாம். பட்டுவிட்டால் 15 நிமிடம் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, நேரே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரெசின் வாடைக்குத் துணி மாஸ்க் போதாது, கரி ஃபில்டர் உள்ள ரெஸ்பிரேட்டர் வேண்டும்.

கொழும்பில் இந்த வேலை கெடுவது பெரும்பாலும் ஹார்ட்னர் அளவில்தான். குளிர்நாட்டு வீடியோவைப் பார்த்து 2 வீதம் போட்டால், 30 பாகை வெயிலில் கலவை கோப்பைக்குள்ளேயே ஜெலியாகிப் புகை விடும். 300 கிராம் ரெசினுக்கு 3 மி.லீ. ஹார்ட்னர் போதும், மழை பிடித்துக் குளிர்ந்த நாளில் 4 மி.லீ. பாமசியில் வாங்கும் 5 மி.லீ. சிரிஞ்சால் அளவெடுங்கள். சொட்டு எண்ணுவதெல்லாம் கணக்கில்லை. ஒரு வீதத்துக்குக் கீழே இறங்கவும் கூடாது: இறுகியதுபோல் தெரிந்தாலும் ரெசின் உள்ளே பச்சையாகவே கிடக்கும். முதலில் ஒரு சின்னக் கோப்பையில் கலந்து, ஜெலியாக எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று பாருங்கள். 15 முதல் 20 நிமிடம் சரி. ஒரு தரத்துக்கு 300 கிராமுக்கு மேல் கலக்கவேண்டாம். ரிஜிபோம் கோப்பை ரெசினில் கரைந்துபோகும், வெற்று ஐஸ்கிறீம் டப்பா நல்லது. மிஞ்சிய கலவையைச் சூடு ஆறமுன் குப்பைவாளியில் போட்டால் தீப்பிடிக்கலாம்.

ஈரமும் ஒரு எதிரி. காற்றில் ஈரம் கூடிய ஊர் இது. திறந்து வைத்த மேட் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அதில் ரெசின் பட்டதும் பால்போல் வெளுக்கும். மேட்டைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள், சந்தேகமாக இருந்தால் ஒரு மணி நேரம் வெயிலில் போட்டெடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை வருமுன் பூச்சை முடித்துவிடவேண்டும்.

இனிக் கார். சீற், பம்பர், டிக்கி விளிம்பு எல்லாவற்றையும் பொலித்தீனால் மூடி, நாலு கதவையும் திறந்துவிடுங்கள். குழி முழுவதும் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப். இரண்டாம் அடுக்கு முதலாவதற்குக் குறுக்கே போகவேண்டும். அதன்மேல் அலுமினியத் தாள், அதன்மேல் கார் வக்ஸ். இவ்வளவும் ஏன் என்றால், டேப்பின் இடுக்கால் ஒரு சொட்டு ரெசின் இறங்கினாலும் பெட்டி கார் பொடியோடு ஒட்டிக்கொள்ளும்.

மேட்டைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் உள்ளங்கை அளவு துண்டுகளாகக் கையால் கிழியுங்கள். கிழித்த ஓரத்தில் நார் பிரிந்து நிற்கும், பக்கத்துத் துண்டோடு பின்னிப் போகும். வெட்டிய ஓரம் மேடாகவே நிற்கும். முதலில் ரெசின் பூச்சு, அதில் துண்டு, மேலே திரும்ப ரெசின். பிரஷால் இழுத்தால் நார் கூடவே வரும், குத்திக் குத்தித்தான் ஊறவைக்க வேண்டும். வெள்ளை மேட் தெளிந்து கீழே தாளின் மினுக்கம் தெரிந்தால் ஊறிவிட்டது. வெள்ளைப் புள்ளி நின்றால் உள்ளே காற்று இருக்கிறது.

காருக்குள் இரண்டு அடுக்கு மட்டும் போடுங்கள். இறுகி றப்பர்போல் இருக்கும்போதே ஓரங்களைப் பேப்பர் கத்தியால் வெட்டிவிடலாம், கல்லான பிறகு கிரைண்டர்தான். இப்படி இறுகிய பைபர்கிளாஸ் ஓடுதான் பெட்டியின் பின்பக்கம்; அடுத்த நாள் அதைக் கழற்றுங்கள். உட்பக்கம் அகன்று வாய் ஒடுங்கிய குழியென்றால் ஓடு பூட்டிக்கொண்டு வெளியே வராது. அப்படிப்பட்ட இடங்களை முதலிலேயே காட்போட் வைத்து நிரப்பி மேலே டேப் ஒட்டியிருக்கவேண்டும். முடிந்த பெட்டி டிக்கி வாயால் வெளியே வருமா என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

சத்தத்தைத் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியாத இந்தப் பின் ஓடுதான், ஆனால் பலர் முகத்துக்குத்தான் மினக்கெடுகிறார்கள். ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ.; மொத்தம் 6 அடுக்கு வேண்டும். மிச்ச நாலையும் வெளியே வைத்து, ஒரு நாளைக்கு இரண்டாகப் போடுங்கள். ஒரேயடியாகப் போட்டால் சூடேறி ஓடு வளையும், பிறகு குழிக்குள் இருக்காது. மேற்பரப்பு கையில் ஒட்டும் ரெசினென்றால் அடுத்த நாளே மேலே பூசலாம்; மெழுகு கலந்து வழுவழுப்பாகக் காய்ந்ததென்றால் 80 இலக்க மண்தாளால் தேய்க்காமல் பூசினால் அடுக்கு உரிந்து வரும். விரல் மொழியால் தட்டிப் பாருங்கள். “டொக்” என்றால் சரி, “டம்” என்று அதிர்ந்தால் அந்த இடத்துக்கு இன்னும் இரண்டு அடுக்கு.

ஸ்பீக்கர் வளையத்துக்கு எம்.டி.எஃப். இரண்டு தடிப்பை ஒட்டி 36 மி.மீ. ஆக்குங்கள். மரக்குச்சி மூன்று நான்கை ஹொட் குளூவால் ஒட்டி வளையத்தை ஓட்டின்மேல் நிறுத்தவேண்டும். காந்தத்துக்குப் பின்னால் ஒரு அங்குலமாவது வெளி இருக்கட்டும். டிக்கியை ஒருதரம் மூடியும் பாருங்கள்: மூடியின் இரும்புக் கை உள்ளே எங்கே இறங்குகிறது என்பது பலருக்குப் பெட்டி முடிந்த பிறகுதான் தெரியவரும்.

முகத்துக்கு ஃபிளீஸ் துணி. புறக்கோட்டையில் கிடைக்காவிட்டால் தடித்த பருத்தி டீஷேர்ட் துணியும் செய்யும். லைக்ரா ரெசினைக் குடிக்காது. சுருக்கமில்லாமல் இழுத்து, வளையத்தின் பின்விளிம்பிலும் ஓட்டின் ஓரத்திலும் பிணைத்து, துணி முழுதும் ஊற ரெசின் பூசுங்கள். இறுகியதும் வெளியே நாலு அடுக்கு மேட். பிறகு ரெசினும் கார் பொடிக்குப் பூசும் ஃபில்லரும் சமனாகக் கலந்த கூழை ஸ்பீக்கர் ஓட்டையால் ஊற்றி, முகமும் ஓடும் சேரும் உள்மூலை நெடுகப் பெட்டியைச் சாய்த்துச் சாய்த்து ஓடவிடுங்கள். காற்று ஒழுகுவது எப்போதும் அந்த மூட்டால்தான்.

முற்றாகக் காய்ந்த பின், மெத்தைக்குள் போடும் ரிஜிபோம் மணியை 5 லீட்டர் வாளியால் அளந்து அளந்து உள்ளே கொட்டிக் கொள்ளளவைப் பாருங்கள். 10 வீதம் குறைந்தால் 200 முதல் 300 கிராம் தலையணைப் பஞ்சைத் தளர்வாக உள்ளே வைத்தால் சமாளிக்கும். கூடினால் எம்.டி.எஃப். கட்டைகளை உள்ளே ஒட்டிவிடுங்கள்.

ஃபில்லர், மண்தாள், கார்பெட் எல்லாம் டிங்கரிங் தெரிந்த எவரும் செய்வதுதான். வெளியே தெரியும் எம்.டி.எஃப். முழுவதற்கும் ரெசின் ஒரு கை பூசாமல் விடவேண்டாம். டிக்கி றப்பரால் மழைத்தண்ணீர் கசிந்தால் பலகை ஊதிவிடும். அம்ப்ளிஃபயர் வயருக்குப் பற்றரியிலிருந்து 18 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்கவேண்டும்.

ஸ்பீக்கரைப் பூட்ட அவசரப்படவேண்டாம். ரெசின் வாடை போக மூன்று நாலு நாள் பெட்டியைக் காற்றில் வையுங்கள், அந்த ஆவி கூம்பைச் சுற்றியுள்ள ஃபோமையும் பசையையும் தின்னும். பூட்டியதும் 30 ஹேர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி மூட்டு நெடுகக் கொண்டுபோங்கள். புகை எங்கே துள்ளுகிறதோ அங்கே ஓட்டை. ஸ்பீக்கரைத் திரும்பக் கழற்றி, அந்த இடத்துக்கு உள்ளிருந்து இன்னொரு கை கூழ் ஊற்றவேண்டும்.