இருண்ட ஃபேன்டசி தொடரின் கடைசிப் பாகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் பதினைந்து, பதினாறு வயசுப் பிள்ளைகள் மந்திரமும் சாவும் கலந்த இருண்ட இங்கிலீஷ் ஃபேன்டசி தொடர்களைக் கை மாற்றிக் கை மாற்றிப் படிப்பது இப்போது சகஜம். முதல் பாகத்தை ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிடுகிறார்கள். கடைசிப் பாகத்தில்தான் தகராறு. பாதியில் மூடி வைக்கிறார்கள், அல்லது முடித்துவிட்டுக் கடுப்போடு வருகிறார்கள். எழுதியவர் சொதப்பிய தொடர்களும் உண்டுதான். ஆனால் பல நேரம் கோளாறு வாங்கிய விதத்திலும் எதிர்பார்ப்பிலும் இருக்கிறது.

வாங்குவதில் நடக்கும் தவறு சின்னது, ஆனால் வயிற்றெரிச்சல். பிளாட்பாரத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் திருட்டுப் பதிப்பைப் புரட்டிப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். புத்தகம் ஃபாரம் ஃபாரமாக அச்சாகிறது. பெரும்பாலும் 16 பக்கம் ஒரு ஃபாரம். அவசரத்தில் பைண்டிங் செய்ததில் ஒரு ஃபாரம் இரண்டு முறை வந்திருக்கும், அடுத்தது காணாமல் போயிருக்கும். நடுப் பாகத்தில் 16 பக்கம் போனால் ஊகித்து ஒப்பேற்றலாம். கடைசிப் பாகத்தில் கடைசி ஃபாரமே இல்லையென்றால்? காசு கொடுக்கும் முன் பின்னாலிருந்து பக்க எண்களை மட்டும் பாருங்கள். கண் வரிகளுக்குப் போகக் கூடாது. யார் செத்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும். என்னைக் கேட்டால் சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்தில் அசல் பதிப்பின் பழைய பிரதியைத் தேடுவது மேல். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைகள் வந்து சேர்ந்த இடம் அது.

அங்கேயும் ஒரு விஷயத்தில் உஷார். பிலிப் புல்மேனின் 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' தொடரின் முதல் பாகம் 1995-ல் இங்கிலாந்தில் 'நார்தர்ன் லைட்ஸ்' என்று வந்தது. அதே புத்தகத்துக்கு அமெரிக்காவில் 'தி கோல்டன் காம்பஸ்' என்று பெயர். இரண்டையும் வாங்கி, கூடவே கடைசிப் பாகமான 'தி ஆம்பர் ஸ்பைகிளா'ஸையும் வாங்கி, மூன்றும் சேர்ந்துவிட்டது என்று வீட்டுக்குப் போனால், நடுப் பாகமான 'தி சட்டில் நைஃப்' இருக்காது.

அடுத்தது, பிடித்த கதாபாத்திரம் வராத பாகத்தைத் தாண்டிப் போவது. சாரா ஜே. மாஸின் 'த்ரோன் ஆஃப் கிளாஸ்' தொடரில் 2016-ல் வந்த பாகம் நாயகியைப் பெரிய சிக்கலில் விட்டுவிட்டு முடிகிறது. 2017-ல் வந்த 'டவர் ஆஃப் டான்' அவளைப் பற்றிப் பேசாமல் வேறொரு கண்டத்துக்குப் போய்விடுகிறது. பொறுமை இல்லாதவர்கள் நேராக 2018-ன் 'கிங்டம் ஆஃப் ஆஷ்'ஷுக்குத் தாவுகிறார்கள். ஏறக்குறைய ஆயிரம் பக்கம். அதில் நடுவில் ஒரு படையே வந்து இறங்கும். அது யார், எதற்காக வருகிறது என்பதெல்லாம் தாண்டி வந்த புத்தகத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு, கடைசிப் பாகம் முதல் பாகத்தைப் போலவே இருக்க வேண்டும் என்று நினைப்பது. சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' தொடரின் கடைசிப் பாகமான 'மாக்கிங்ஜே'வை எடுத்துக்கொள்வோம். கறாராகச் சொன்னால் அது ஃபேன்டசி இல்லை, ஆனால் வாசகர்கள் அதே கூட்டம்தான். முதல் இரண்டு பாகத்திலும் போட்டிக்களம், கொலை, ஓட்டம். 2010-ல் வந்த மூன்றாவதில் அந்தக் களமே கிடையாது. என் அக்கா பெண் கேட்டாள்: "இன்னா மாமா இது, பாதி புக்கு ஆஸ்பத்திரியிலயே பட்த்துனுகீறா?" இதுவரைக்கும் அந்தக் கதாநாயகிக்கு என்னென்ன நடந்தது, நீயே சொல் என்றேன். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள், "நானா இருந்தா எந்திரிக்கவே மாட்டேன்" என்றாள். காலின்ஸின் அப்பா விமானப்படைக்காரர், வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். சண்டை முடிந்த பிறகு ஒரு ஆள் மிச்சமாக என்னவாக நிற்கிறாள் என்பதுதான் அந்த மகள் எழுதிய கதை. இருண்ட தொடர் எதுவானாலும், முந்தைய பாகங்களில் கைதட்டி ரசித்த ஒவ்வொரு கொலைக்கும் ஒவ்வொரு மந்திரத்துக்கும் கடைசிப் பாகம் கணக்குக் கேட்கும். அது இழுவை இல்லை, தொடரே அதற்காகத்தான்.

இதே காரணத்தால், வில்லன் ஒழிந்ததும் மிச்சப் பக்கங்களை மேய்ந்துவிட்டுப் போகக் கூடாது. 'தி ஆம்பர் ஸ்பைகிளா'ஸில் போர் ஓய்ந்த பிறகுதான் கதையின் நாயகியும் நாயகனுமான இரண்டு பிள்ளைகளும் எடுக்க வேண்டிய மிகக் கஷ்டமான முடிவு வருகிறது.

படத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரே வார்த்தை: 'அலீஜியன்ட்'. வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' தொடரில் 2013-ல் வந்த கடைசிப் பாகம். படமாக எடுக்கும்போது இரண்டாகப் பிரித்தார்கள், முதல் பாதி 2016-ல் வந்து ஓடவில்லை, இரண்டாம் பாதி எடுக்கப்படவே இல்லை. படத்தை நம்பியவர்கள் இன்னும் நடுவழியில்தான் நிற்கிறார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. முதல் பாகம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சரியாக இருந்ததே என்று மொத்த செட்டையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பாகத்துக்குப் பாகம் நாயகனுக்கு வயசு ஏறும், கதைக்கும் ஏறும். மாஸின் தொடரில் பின்பாகங்கள் பெரியவர்கள் படிக்கிற ரகத்துக்கே போய்விடுகின்றன. அதற்காகப் பிடுங்கி பீரோவில் பூட்டினால் நண்பன் போனில் பிடிஎஃப் இருக்கும். நமக்கு இங்கிலீஷ் படிக்க வராதே என்ற கவலையும் உங்களுக்கு வேண்டாம். ஏற்கெனவே முடித்த பக்கத்து வீட்டு அக்காவிடம், இதை எந்த வயசில் கொடுக்கலாம் என்று கேளுங்கள். தன் தம்பிக்குக் கொடுப்பாளா மாட்டாளா என்பதைப் பட்டென்று சொல்லிவிடுவாள்.