வரி வசூல், உரிமப் பிரிவு வேலையை ஏற்குமுன் ஊதியத்தையும் பணி நிபந்தனைகளையும் ஆராய்வது எப்படி?

வரி அலுவலகத்திலோ உரிமம் வழங்கும் பிரிவிலோ வேலை கிடைத்தவர் நியமன ஆணையில் முதலில் தேடுவது சம்பளத் தொகையை. அதில் தவறில்லை. ஆயினும், அரசுக்குச் சேர வேண்டிய பணத்தையும் மக்களின் தொழிலுக்கான அனுமதியையும் கையாளும் பணி இது என்பதால், ஊதியத்தின் பின்னால் வேறு துறைகளில் இல்லாத பொறுப்புகளும் தடைகளும் நிற்கின்றன. அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அந்தத் தொகை அதிகமா குறைவா என்பது தெரியும்.

தொகைக்கு முன்பாக, ஆணையில் வேலை தருபவர் யார் என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். ஒரே மேசையில் ஒரே பணியைச் செய்பவர்கள் அரசுத் துறையின் நிரந்தர ஊழியராகவோ, உள்ளாட்சி அமைப்பின் ஊழியராகவோ, தன்னாட்சி பெற்ற வருவாய் ஆணையத்தின் ஊழியராகவோ, ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய ஆளாகவோ இருக்கலாம். உகாண்டாவில் 1991-லும் கென்யாவில் 1995-லும் தென்னாப்பிரிக்காவில் 1997-லும் வரி நிர்வாகம் வழக்கமான அரசுத் துறை அமைப்பிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி ஆணையமாக்கப்பட்டது. திறமையானவர்களை ஈர்ப்பதற்கும் ஊழலைக் குறைப்பதற்கும் அரசு ஊதிய விகிதத்துக்கு அப்பாற்பட்ட சம்பளம் தர வேண்டும் என்பது இத்தகைய அமைப்புகளை ஆதரித்தோர் முன்வைத்த காரணங்களுள் ஒன்று. எனவே ஆணைய வேலையில் தொடக்கச் சம்பளம் கூடுதலாக இருக்கக்கூடும். அந்தச் சம்பளம் விலைவாசியோடு சேர்ந்து உயருமா, பணி நிரந்தரமானதா அல்லது சில ஆண்டுகளுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விலைவாசியோடு பிணைக்கப்படாத உயர் சம்பளம் சில ஆண்டுகளில் சாதாரணச் சம்பளமாகிவிடும்.

ஒப்பந்த நிறுவனத்தின் வழியே செல்பவர்கள் மற்றொன்றையும் விசாரிக்க வேண்டும். பொது ஒப்பந்தங்களின் கீழ் உழைப்பவர்களுக்கு, அதே வட்டாரத்தில் அதே தன்மையுள்ள பணிக்கு நிலவும் ஊதியத்துக்கும் வேலை நேரத்துக்கும் குறையாத நிபந்தனைகள் தரப்பட வேண்டும் என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு 94-ஆம் உடன்படிக்கை. அது ஏற்புறுதி செய்த நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பதால், உங்கள் நாடு அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சம்பளத்தை ஒப்பிடும்போது பதவிப் பெயரை நம்ப வேண்டாம். 'ஆய்வாளர்', 'உதவியாளர்' போன்ற பெயர்கள் இடத்துக்கு இடம் வேறு வேறு பொருளில் வழங்குகின்றன. தொழில்களுக்கான பன்னாட்டுத் தர வகைப்பாட்டின் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில் வரி, கலால் அலுவலர்களுக்கு 3352, உரிம அலுவலர்களுக்கு 3354 என்ற எண்கள் தரப்பட்டுள்ளன. சுங்க, எல்லை ஆய்வாளர்கள் 3351-இல் வருகின்றனர். கடன் நிலுவை வசூலிப்போர் 4214 என்ற எண்ணில், எழுத்தர் பணிகளின் பெரும்பிரிவில் வைக்கப்பட்டுள்ளனர். வரிவிதிப்பை ஆராய்ந்து முடிவெடுக்கும் பணியை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு, நிலுவைப் பணத்தைக் கேட்டுப் பெறுபவருக்குரிய சம்பளத்தை நிர்ணயித்திருந்தால், பேரம் பேசுவதற்கு இந்த வகைப்பாடு நல்ல ஆதாரம். ஆணையில் உள்ள கடமைப் பட்டியலை வகைப்பாட்டின் விளக்கத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள்.

அடுத்து, தொகையைப் பிரித்துப் பாருங்கள். மொத்தச் சம்பளம் 100 பங்கு என்று கொள்வோம். ஓர் இடத்தில் அடிப்படை ஊதியம் 80, படிகள் 20. மற்றோர் இடத்தில் அடிப்படை 50, படிகள் 50. கைக்கு வருவது இன்று ஒன்றாகத் தெரியலாம். ஓய்வூதியம், மிகைநேர ஊதியம், விடுப்புச் சம்பளம், ஆண்டு உயர்வு ஆகியவை அடிப்படை ஊதியத்தின் மீது மட்டும் கணக்கிடப்படுமானால், இரண்டாமவர் பணிக்காலம் முழுவதும் இழந்துகொண்டே இருப்பார். களப்பணிக்குத் தரப்படும் பயணப்படி உண்மையில் வருமானமே அன்று. அது நீங்கள் முன்கூட்டிச் செய்யும் செலவின் ஈடு. அதைச் சம்பளத்தில் சேர்த்துப் பெரிய தொகையாகக் காட்டும் வேலைவாய்ப்பு விளம்பரங்களைக் கண்டால், அத்தொகையைக் கழித்துவிட்டே கணக்கிடுங்கள்.

மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டிய பகுதி ஊக்கத்தொகை. வசூலில் பங்கு தருவது பழைய பழக்கம். பிரான்சில் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்த நிதியாளர்களின் அமைப்பு, அரசுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு மேல்வரவைத் தானே வைத்துக்கொண்டது. மக்களின் கடும் வெறுப்புக்கு உள்ளான அந்த அமைப்பு 1791-இல் ஒழிக்கப்பட்டது. இன்றைய ஊக்கத்தொகைத் திட்டங்கள் அவ்வளவு முரட்டுத்தனமானவை அல்ல. ஆனாலும், வசூலிப்பவரின் வருமானம் வசூலைப் பொறுத்தது என்ற பழைய சிக்கல் அவற்றிலும் உண்டு. ஆகவே சில கேள்விகளை எழுத்திலேயே கேளுங்கள். தொகை தனிநபருக்கா, குழுவுக்கா? விதித்த வரியின் மீதா, உண்மையில் வசூலான வரியின் மீதா? மேல்முறையீட்டில் அந்த வரி தள்ளுபடியானால் பெற்ற தொகையைத் திருப்பித் தர வேண்டுமா? இலக்கை யார், எந்த அடிப்படையில், எப்போது நிர்ணயிக்கிறார்கள்? ஆண்டின் நடுவில் அதை உயர்த்த முடியுமா? வசதியான வட்டத்தில் அமர்த்தப்பட்டவருக்கும் நலிந்த வட்டத்தில் அமர்த்தப்பட்டவருக்கும் ஒரே இலக்கு என்றால், அந்தத் திட்டம் உழைப்பை அளக்கவில்லை. வருமானத்தில் பெரும்பகுதி தனிநபர் வசூல் பங்காக இருக்கும் வேலையை, வேறு வழி இருக்குமானால், தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. வசூல் குறைந்தால் பட்டினி, கூடினால் குற்றச்சாட்டு என்ற நிலையில் நடுநிலையோடு முடிவெடுப்பது எளிதன்று. உரிமப் பிரிவில் ஊக்கத்தொகை பெரும்பாலும் முடித்த கோப்புகளின் எண்ணிக்கையைச் சார்ந்திருக்கும். அங்கே நிராகரித்த விண்ணப்பமும் முடித்த கோப்பாகக் கொள்ளப்படுகிறதா என்று கேளுங்கள். கொள்ளப்படாவிட்டால், அனுமதி கொடுப்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம் என்று பொருள்.

ரொக்கம் கையாளும் பணியானால், பணம் குறைந்தால் யார் பொறுப்பு என்ற விதியைத் தேடுங்கள். பிணைத்தொகை கேட்கப்படுகிறதா, பணத்தை எடுத்துச் செல்லும் வழியில் திருட்டு நேர்ந்தால் காப்பீடு உண்டா, இரசீதுப் புத்தகங்களை ஒப்படைக்கும்போது கையொப்பமிட்ட ஒப்புகை தரப்படுமா என்பவை இதில் அடங்கும். ஊதியப் பாதுகாப்பு பற்றிய, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு 95-ஆம் உடன்படிக்கையின்படி, சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நடுவர் தீர்ப்போ வரையறுத்த அளவுக்குள்தான் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம். வேலை பெறுவதற்கோ அதில் நீடிப்பதற்கோ முதலாளிக்கும் இடைத்தரகருக்கும் சம்பளத்திலிருந்து பணம் பிடித்துக் கொடுப்பதை அதன் 9-ஆம் பிரிவு தடைசெய்கிறது. 'மேலாளர் முடிவுப்படி பிடித்தம் செய்யப்படும்' என்ற வாசகம் ஆணையில் இருந்தால், அதைத் திருத்தித் தரும்படி கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

வேலை நேரம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இராது. கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி வாரங்களிலும் உரிமம் புதுப்பிக்கும் பருவத்திலும் நெருக்கடி உச்சத்தை எட்டும். அந்த நாட்களின் கூடுதல் நேரத்துக்குப் பணமா, ஈட்டு விடுப்பா, ஒன்றுமில்லையா என்பதையும், அப்பருவத்தில் விடுப்பு மறுக்கப்படுமா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

நிலுவைதாரர்களின் வாசலுக்குச் செல்பவர்களுக்கும் கடைகளை ஆய்வு செய்பவர்களுக்கும் மிரட்டல் புதிதன்று. தனியாக அனுப்புகிறார்களா, துணையுடன் அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். பணியில் நேரும் காயத்துக்கு இழப்பீடு உண்டா, பணியின் காரணமாக உங்கள் மீது வழக்கு தொடுக்கப்பட்டால் வழக்குச் செலவை யார் ஏற்பார் என்பனவும் முக்கியமானவை. பணியிட வன்முறை குறித்த 2019-ஆம் ஆண்டு 190-ஆம் உடன்படிக்கை, பொதுமக்கள் போன்ற வெளியாரால் நேரும் துன்புறுத்தலையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

தடைகளுக்கும் ஒரு விலை உண்டு. பக்கத் தொழில் செய்யக் கூடாது, சொத்து விவரம் தாக்கல் செய்ய வேண்டும், உறவினர் நடத்தும் நிறுவனத்தின் கோப்பைத் தொடக் கூடாது, பணியை விட்ட பின்னும் குறிப்பிட்ட காலம் வரி ஆலோசகராகச் செயல்படக் கூடாது என்ற விதிகள் பல இடங்களில் உள்ளன. இவை நியாயமானவையே. ஆனால் இதுவரை மாலை நேரத்தில் கணக்கு எழுதிச் சம்பாதித்தவர், அந்த வருமானத்தைப் புதிய சம்பளத்திலிருந்து கழித்த பிறகே ஒப்பிட வேண்டும். அடிக்கடி இடமாற்றம் உண்டென்றால் குடிபெயரும் செலவையும் அவ்வாறே கழியுங்கள். புகார் எழுந்து தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டால், விசாரணைக் காலத்தில் எவ்வளவு சம்பளம் வரும் என்ற விதியையும் படித்து வையுங்கள். நேர்மையானவர் மீதும் புகார் வரும் பணி இது.

முதல் சம்பளச் சீட்டு வந்ததும் அடிப்படை ஊதியம், ஒவ்வொரு படி, ஒவ்வொரு பிடித்தம் ஆகியவற்றை நியமன ஆணையோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் அதை வாய்மொழியாகச் சொல்லி நிறுத்திவிடாமல், தேதியிட்ட கடிதமாகக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்; முறையீட்டுக்குக் காலவரம்பு இருக்கலாம். சங்கம் இருந்தால் அங்கும் தெரிவியுங்கள். பொதுத்துறை ஊழியர்கள் அமைப்பாகச் சேர்வதையும் பணி நிபந்தனைகள் குறித்துப் பேச்சு நடத்துவதையும் 1978-ஆம் ஆண்டு 151-ஆம் உடன்படிக்கை பாதுகாக்கிறது. மிகவும் இரகசியமான பொறுப்புகளில் இருப்போருக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கலாம். ஆணை, பணி விதிகள், ஊக்கத்தொகைச் சுற்றறிக்கை, சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களை அலுவலகக் கணினியில் மட்டும் வைக்காமல் வீட்டிலும் வைத்திருங்கள்; வரி செலுத்துவோரின் விவரம் அடங்கிய எந்தத் தாளும் அவற்றோடு கலந்துவிடக் கூடாது.