லேப்டாப்பில் மட்டும் மங்கிய பாட்டு
புது இயர்பட்ஸ் போனில் அருமையாகக் கேட்டது. லேப்டாப்பில் இணைத்தால் மட்டும் மிருதங்கம் தகர டப்பாவைத் தட்டுவது போல ஒலித்தது. இடது, வலது என்ற பிரிவே இல்லை. பாட்டுச் செயலியில் தரத்தை 320 கேபிபிஎஸ்ஸுக்கு ஏற்றினேன், மாற்றமில்லை. சரி, பழுதுதான் என்று திருப்பி அனுப்பவும் தயாராகிவிட்டேன்.

அப்புறம்தான் கவனித்தேன். பின்னணியில் மீட்டிங் செயலி ஒன்று திறந்தே கிடந்தது. இயர்பட்ஸின் மைக்கை அது பிடித்து வைத்திருந்தது. வழக்கமான புளூடூத்தில் பாட்டுக்கு ஏ2டிபி என்ற ஒருவழிப் பாதை உண்டு. அதில் ஸ்டீரியோ வரும், மைக் வராது. ஏதாவது ஒரு செயலி மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியவுடன் இணைப்பு எச்எஃப்பி என்ற பேச்சுப் பாதைக்குத் தாவிவிடும். அங்கே ஒலி மோனோ. ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற மாதிரி எடுக்கும் வேகமும் பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான். அந்த வேகத்தில் பாதி வரையுள்ள ஒலிதான் கிடைக்கும். எனவே 16 என்றாலும், 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி எதுவும் காதுக்கு வராது. ஜால்ராவின் கணீர் அங்கேதான் தொலைந்திருக்கிறது!

ஒலி அமைப்பில் உள்ளீட்டுக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்த நொடியே பாட்டு விரிந்தது. மீட்டிங் செயலியிலும் அதே மைக்கை வைத்துவிட்டேன். இப்போது எதிர்முனையில் பேசுபவர்களின் குரலும் தெளிவாகக் கேட்கிறது.